கட்டிலோடு போன கணக்கு

அனுப்புநர்: பொருளாளர், நோயாளிகளுக்கு இரவல் பொருள் வழங்கும் சங்கம் (லாப நோக்கமற்றது, எங்கள் அறையைப் பார்த்தாலே தெரியும்).

பெறுநர்: வரி அலுவலர் அவர்கள், தொண்டு நிறுவனப் பிரிவு, இரண்டாம் மாடி.

பொருள்: ஆண்டுக் கணக்குப் படிவம் தாக்கல் செய்யக் கால நீட்டிப்பு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

அத்தனை ஃபைல்களுக்கு நடுவிலும் தாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கால நீட்டிப்புப் படிவத்தில் ‘தாமதத்துக்கான காரணம்’ என்று கேட்டுவிட்டு, பதில் எழுத ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டிருக்கிறீர்கள். என் காரணம் அதில் அடங்காது. ஆகவே ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று எழுதிவிட்டேன். இதுதான் அந்த இணைப்பு.

நான் ஓய்வுபெற்ற நூலகர். முப்பத்தொரு வருடம், புத்தகத்தை ஒரு நாள் தாமதமாகக் கொண்டுவந்தவர்களிடம்கூட முகம் கொடுத்துப் பேசாமல் அபராதம் வாங்கியவன். அப்படிப்பட்டவன் இன்று கெடு கேட்டு எழுதுவதைப் பார்த்து என் மனைவி காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். “எத்தனை பேரோட வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்க, இப்ப நல்லா எழுதுங்க, கை வலிக்க எழுதுங்க” என்கிறாள். சங்கத்தில் நாங்கள் மூன்றே பேர். தலைவி அம்மா முன்னாள் தலைமை நர்ஸ், செயலாளர் முன்னாள் பஸ் கண்டக்டர், நான் பொருளாளர். கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல், வாக்கர் என்று யார் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் கொடுப்போம். பதிவேட்டில் அவர்களே பெயரும் விலாசமும் தொழிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், வேறு கேள்வி கிடையாது.

எங்கள் சங்கத்தின் நான்காம் விதியைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கக் கூடாது, நலம் விசாரிக்கிற சாக்கில் ஜாடைமாடையாகவும் கேட்கக் கூடாது.’ ஆரம்பத்தில் செயலாளர், கண்டக்டர் பழக்கத்தில், வீடு வீடாகப் போய் “எப்பங்க எந்திரிப்பீங்க, அடுத்த ஆள் காத்திருக்காருல்ல” என்று விரட்டியதில், ஒரு பெரியவர் ரோஷப்பட்டு ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே மறுபடி விழுந்துவிட்டார். அன்றைக்கே அந்த விதியை எழுதினோம். எழுதியவன் நான்தான். ‘கட்டிலுடன் தரும் சிறு அலமாரி, மெத்தை, தலையணை எல்லாம் ஒரே பொருளாகக் கருதப்படும்’ என்று உட்பிரிவு வேறு சேர்த்தேன், யாரும் தலையணையை மட்டும் கேட்டுவிடக் கூடாதே என்று. அந்த உட்பிரிவில்தான் இப்போது நான் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் இரும்பு பீரோவில் படுக்கை நோயாளிகளுக்கான பெட்பேன்கள் நிரம்பி வழிவதால், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றையும் ஒரு கட்டிலோர அலமாரியின் அடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அதன் நான்கு சக்கரங்களில் ஒன்று கிடையாது. இதை யார் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நான் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், ஏணியிலிருந்து விழுந்து இரண்டு காலையும் ஒடித்துக்கொண்ட தையல்காரர் வீட்டுக்குத் தலைவி அம்மா கட்டிலை அனுப்பியிருக்கிறார். கூடவே அலமாரியும் போய்விட்டது. சக்கரம் இல்லாத இடத்தில் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுக்கச் சொல்லியும் அனுப்பினாராம். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா” என்றேன். “வாயில பஞ்சை வச்சிக்கிட்டு இருக்கிறவர்கிட்ட என்னத்தக் கேக்குறது” என்றார். அதுவும் நியாயம்தான். சாவி மட்டும் என் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது.

விதியை மீறாமல் காகிதத்தை எடுக்க நாங்கள் படாத பாடில்லை. மூன்று முறை ஆரஞ்சுப் பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். எங்கள் தலையைக் கண்டதுமே தையல்காரர் வெலவெலத்துப்போய், “இந்தா, இப்பவே காலை அசைப்பேன் பாருங்க, அடுத்த வாரம் எந்திரிச்சிருவேன்” என்று மாவுக்கட்டோடு எழுந்திருக்கப் பார்த்தார். தலைவி அம்மா அவரை அமுக்கிப் படுக்கவைத்து, “ஐயோ, நாங்க சும்மா பாக்கத்தான் வந்தோம்” என்று சொல்ல, நானும் அலமாரியை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துவிட்டு வந்தேன். அதில் தங்கள் கெடு நாள் சிவப்பாக இருந்தது. வங்கியில் நகல் கேட்டோம். “ஸ்டாம்ப் வச்சு லெட்டர் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல தர்றோம்” என்றார்கள். ஸ்டாம்ப் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கே தெரியும். ஆடிட்டரோ, “காகிதம் இல்லாம நான் என்ன ஜோசியமா சொல்றது? போய் டைம் கேளுங்க” என்று கையை விரித்துவிட்டார்.

ஐயா, இதுவரை சொன்னதற்குத் தாங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் படிவம் வராவிட்டால் வரிவிலக்கு ரத்து என்று தங்கள் நோட்டீஸ் சொல்கிறது. வரிவிலக்கு போனால் எங்களுக்குக் கொடுக்கிற நாலு பேரும் கொடுக்க மாட்டார்கள். அறை வாடகை நின்றால் நாற்பது கட்டிலையும் பழைய இரும்புக் கடைக்குத்தான் தள்ள வேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாவுக்கட்டு பிரிக்க இன்னும் ஆறு வாரம் ஆகுமாம். ஆகவே எட்டு வாரம் அவகாசம் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் எலும்பு உறுதியாக இருக்கட்டும். எங்கள் பொருள் எதுவும் தங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
பொருளாளர்
(ஸ்டாம்ப் இல்லாமைக்குக் காரணம் மேலே உள்ளது)

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும்.

உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு வாக்கர் கேட்டார். பாவம், முகம் வாடியிருந்தது. கொடுத்து அனுப்பினோம். அவர் போன பிறகு பதிவேட்டைப் பார்த்தால், பெயருக்கு நேரே ‘வரி அலுவலர், தொண்டு நிறுவனப் பிரிவு’ என்று தங்கள் கையெழுத்து. செயலாளர் குதித்தார்: “அடிச்சது லக்கு! இனிமே எட்டு வாரம் என்ன, எட்டு மாசமே குடுப்பாரு.” எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வாக்கரைக் கொடுத்துக் கெடு வாங்கினான் என்று நாளைக்கு யாராவது சொன்னால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? தாங்கள் மறுத்தாலோ, நன்றி கெட்டவர் என்று செயலாளர் தங்களை ஊரெல்லாம் சொல்வார். இரண்டுமே வேண்டாம் என்று விண்ணப்பத்தைக் கைவிட்டேன்.

சாவியை எடுத்துக்கொண்டு நேரே தையல்காரர் வீட்டுக்குப் போனேன். “எனக்கு எதுவும் திருப்பி வேண்டாம். உங்க பக்கத்துல உக்காந்து நாலு காகிதத்தைப் பாத்து எழுதிக்கிட்டுப் போறேன், அவ்வளவுதான்” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? கட்டிலைத் தூக்கிட்டுப் போகத்தான் ஆள் பாக்குறீங்கன்னு நானும் என் பொண்டாட்டியும் பயந்து செத்தோம்!” எடுத்துக்கொண்டு போகத்தானே விதி தடுக்கிறது, அங்கேயே உட்கார்ந்து எழுத என்ன தடை என்று ஐந்து வாரமாக எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படுத்தபடியே அவர் ரசீதுகளை ஒவ்வொன்றாக வாசித்தார், நான் எழுதினேன். ஆடிட்டரையும் அங்கேயே வரவழைத்தோம். ஒரு பகல் போதுமாயிருந்தது. கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாக, ஸ்டாம்ப் வைத்த படிவம் இத்துடன் இருக்கிறது.

தங்கள் அம்மா நன்றாக நடக்கும் வரை வாக்கர் அங்கேயே இருக்கட்டும். எத்தனை மாதமானாலும் சரி, எங்களிடம் கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை.