ஆடிக்கு அழைத்துப் போன மாடு

புல்லைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. சரியாகச் சொன்னால் இருபத்திரண்டு நாள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாராவது 'புல்' என்று சொன்னாலே எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில், தாவரவியல் பட்டத்தோடு சுந்தரபாண்டியபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அந்தத் தெருவுக்கு வந்த முதல் பட்டதாரி மருமகள் நான்தான். (இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான்தான் எல்லோரிடமும் சொன்னேன்.) அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், ஒரு செவலைப் பசு இருந்தது. அதன் பால் தினமும் தென்காசியில் ஒரு காபி கிளப்புக்குப் போகும். இருபது வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பால் ஊற்றியவள் என்ற பெயர் அத்தைக்கு உண்டு. நகை கிடையாது, நிலமும் சொல்லும்படி இல்லை. அந்தப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டுதான் தலை நிமிர்ந்து நடந்தாள்.

ஆனி மாதத்தில் அந்த ஊர்ப் புல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குற்றாலத்துச் சாரல் அவ்வளவு தூரம் வராது. காற்று மட்டும்தான் வந்து சேரும். வெயிலும் காற்றுமாக அடித்ததில் புல் சாண் உயரத்துக்கு மேல் எழும்பாமல், பழுப்பேறிக் கிடந்தது. அதைத்தான் மாடு ஏதோ அல்வா கிடைத்த மாதிரி நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"இது புல்லா அத்தை? வாசல் கூட்டித் தேஞ்ச வாரியல் மாரில்லா இருக்கு! எங்க மேலகரத்துல வந்து பாருங்க, சாரல்ல புல்லு இடுப்பளவு நிக்கு."

"உங்க ஊர்ப் புல்லு பாக்கத்தான் லட்சணம் ட்டி. உள்ள ஒண்ணும் கெடையாது."

அவள் புல்லைத்தான் சொன்னாள். நான் அதை என் அப்பா, அம்மா, அவர்கள் செய்த சீர்வரிசை எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

"அப்ப மாட்டை என்கூட அனுப்புங்க. ஒரு மாசம் மேச்சுக் காட்டுதேன்."

"கொண்டு போ. ஆனா பாலு என் பேர்லதான் போகுது, அதை மறந்துராத."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அவருக்கு அது ஒரு வரம்.

ஆடிக்குப் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைப்பார்கள். மாமியாரின் மாட்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனவள் இந்தச் சீமையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். என் வீட்டுக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

மேலகரத்தில் அப்போது விடாத சாரல். சூரியனைக் கண்டு பத்து நாள் ஆகியிருந்தது. மலையடிவாரத்துப் புல் பச்சைப்பசேலென்று, கிள்ளினால் தண்ணீர் சொட்டும்படி நின்றது. மாடு விடிந்ததிலிருந்து அந்தி வரை தின்றது. ஒரு வாரத்தில் செம்பு நிறையாத பால், செம்பு வழியக் கறந்தது. நான் உடனே அத்தைக்கு ஓர் இன்லண்ட் கடிதம் எழுதினேன். பால் கூடியதற்குக் காரணம் 'போட்டோசிந்தசிஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டேன். எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படும் ஒரு பெண்ணுக்கு இப்படி எழுதியவளை என்ன செய்தால் தகும்?

வெயில் இல்லாமல், ஓயாத ஈரத்தில் அவசரமாக வளர்ந்த புல்லில் முக்கால்வாசி தண்ணீர்தான். வெயில் குடித்து வளர்ந்த குட்டைப் புல்லில்தான் சத்து திரண்டு நிற்கும். இது என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்து ஓரத்தில் 'பரீட்சைக்கு வராது' என்று நானே பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்.

இருபத்தோராவது நாள், தென்காசிக்குப் பால் ஊற்றப் போன என்னைக் காபி கிளப் முதலாளி நிறுத்தினார். பாலில் ஒரு சொட்டு எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தில் விட்டார். நல்ல பால் என்றால் அப்படியே முத்தாக நிற்கும். இது சறுக்கி ஓடியது.

"ஆடையே விழ மாட்டேங்குதேன்னு ஒரு வாரமாப் பாக்கேன். உங்க அத்தை ஊத்துன வரைக்கும் இப்படி இல்ல. படிச்ச மருமக வந்தா, கூடவே தண்ணியும் வந்துட்டு."

கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி பஸ் ஏறி சுந்தரபாண்டியபுரத்தில் இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அத்தை வந்து நின்றாள். கடை வாசலுக்கே மாட்டைக் கொண்டுவரச் சொன்னாள். செம்பைக் கவிழ்த்து, விரலால் தட்டி, எல்லோருக்கும் காட்டினாள். கண்ணெதிரே கறந்தால் அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு வாய் நீளம் அண்ணாச்சி. கை சுத்தம். தண்ணி கலக்க மாட்டா."

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமலே அவள் தன் இருபது வருடப் பெயரை என் பக்கம் வைத்துவிட்டாள். அவளுக்குப் போய் நான் போட்டோசிந்தசிஸ் எழுதியிருந்தேன்.

கறந்தாள். முதலாளி ஒரு சொட்டை நகத்தில் விட்டார். அது நேற்றைவிட வேகமாக ஓடியது. அத்தையின் முகம் வெளிறிவிட்டது.

அப்போது மாடு வாலைத் தூக்கியது. சாணம் என்றால் ஒரு உருவம் இருக்க வேண்டும் அல்லவா? இது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி பச்சைத் தண்ணீராகப் பீச்சி, முதலாளியின் வெள்ளை வேட்டியை முழங்கால் வரை நனைத்தது.

அத்தை குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னத்தைட்டி மேச்சே?"

"புல்லுதான் அத்தை. சாரப் புல்லு."

"வைக்கோலு, காஞ்சது ஏதாவது போட்டியா?"

"பச்சையே நெறைய இருந்துதே..."

அத்தை முதலாளி பக்கம் திரும்பினாள். அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"தண்ணி கலந்தது எம் மருமகதான் அண்ணாச்சி. செம்புல கலக்கல, மாட்டு வயித்துல கலந்திருக்கா!"

முதலாளி வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். கடையே சிரித்தது. அத்தையின் பெயர் தப்பியது. என் பட்டம் அந்த வாசலிலேயே போனது. அன்று மாலையே மாடு ஊர் திரும்பியது. காய்ந்த புல்லைத் தின்று பத்தே நாளில் பழையபடி நுரைத்துக் கறந்தது. ஆடி முடிந்து நான் திரும்பியபோது, அடுத்துப் பிறக்கும் கன்றுக்குப் 'போட்டோ' என்று பெயரே வைத்துவிட்டிருந்தார்கள்.

அத்தை போய்ப் பல வருடம் ஆகிறது. இன்றும் காலையில் நான் காபி கொடுத்தால், என் வீட்டுக்காரர் வாயே திறக்காமல் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் விட்டுப் பார்ப்பார். அது ஓடும். ஓடத்தானே செய்யும்? அந்த நகத்துக்காகவே இப்போதெல்லாம் நான் தண்ணீர் கலந்துதான் காபி போடுகிறேன்.