அசலின் பின்பக்கம்

மறைந்த எழுத்தாளரும் ஓவியருமான ஒருவரின் தாள்கள் நாட்டின் சொத்து என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. அவருடைய மகளும் மறுக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஆவணக் காப்பக அதிகாரிகள், அப்பாவின் அறையை ஒரு துண்டுக் காகிதம் விடாமல் முப்பத்தொரு பெட்டிகளில் அள்ளிக்கொண்டு போனபோது, அழுத கண்ணோடு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அப்பா வெள்ளைத் தாள் வாங்குகிற ஜாதியில்லை. கைக்கு அகப்பட்டது எதுவானாலும் அதன் பின்பக்கத்தில் வரைவார். மின்கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை. காப்பகமும் எதையும் ஒதுக்கவில்லை. இருமல் மருந்துச் சீட்டுகளை மட்டும் 'படைப்பாளியின் பிற்கால இருமல் கட்டம்' என்று தனி உறையில் போட்டு வைத்தது.

ஆறு மாதம் கழித்துத்தான் மகளுக்கு விஷயம் உறைத்தது. நாலு வயது சிட்டுவைப் பள்ளியில் சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிறப்புச் சான்றிதழைக் காணோம். பீரோவைக் கவிழ்த்துக் கொட்டிய பிறகு கணவன் மெதுவாகச் சொன்னான்.

"நான் சோபாவில தூங்கிட்டிருந்தப்ப மாமா என்னை வரைஞ்சாரே, ஞாபகம் இருக்கா? அது எதுல வரைஞ்சார்?"

அதில்தான்.

மறுநாள் காலை பிறப்புப் பதிவு அலுவலகத்தில் முதல் ஆளாக நின்றாள்.

"தொலைஞ்சு போச்சா?" என்றார் எழுத்தர்.

"இல்லைங்க. காப்பகத்தில பத்திரமா இருக்கு."

"அப்ப தொலையலை. தொலையாததுக்கு எப்படிம்மா நகல் கொடுக்கிறது?"

"சரிங்க, தொலைஞ்சதுன்னே எழுதித் தரேன்."

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பத்திரமா இருக்குன்னு இப்பத்தான் உங்க வாயால சொன்னீங்க. ஒரு தாயா இருந்துகிட்டு பொய் சொல்லலாமா?"

காப்பகத்துக்கு ஓடினாள். தலைமைக் காப்பாளர் எழுந்து நின்று வரவேற்றார். அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தால் தனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும் என்றார். மகள் வந்த விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

"குடும்பத்தாருக்குக் காட்ட விதியில்லையே. ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான்."

"எங்க அப்பா வரைஞ்சதுங்க. என் பிள்ளையோட சான்றிதழ்."

"அதனாலதான் சொல்றேன். உங்களுக்கு அதுல சொந்த அக்கறை இருக்கு. ஆராய்ச்சியாளர்னா எந்த அக்கறையும் இருக்காது."

மகள் வாசல் படியில் உட்கார்ந்து விண்ணப்பப் படிவத்தை நிரப்பினாள். ஆய்வுத் தலைப்பு என்ற இடத்தில் பேனா நின்றது. பக்கத்தில் தோள்பையோடு உட்கார்ந்திருந்த இளைஞர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதிலிருந்து கைக்கு வந்த சொற்களைக் கோத்து எழுதினாள்: 'பின்பக்கத்தின் அரசியல்: விளிம்புநிலைக் காகிதங்களில் தன்னிலையின் சிதைவாக்கம்.' அவளுக்கே ஒன்றும் புரியவில்லை. பத்தே நிமிடத்தில் அனுமதி வந்தது.

வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டு, கண்காட்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் கணவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். கீழே 'தலைப்பிடப்படாதது (பசித்த மானுடம்)' என்று பொறித்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்கலங்கி நின்றார்கள். ஒருவர் அதே பிளந்த வாயை அச்சடித்த சட்டை போட்டிருந்தார்.

"இதைத் திருப்பிக் காட்டுங்க சார். பின்பக்கத்தை ஒரு நகல் எடுத்துட்டுப் போயிடறேன்."

"பின்னாடி ஏதும் இல்லம்மா. அட்டையில ஒட்டியாச்சு. இருநூறு வருஷம் பிரிக்க முடியாத பசை!" என்றார் காப்பாளர், பூரிப்போடு.

மகள் அங்கேயே, பசித்த மானுடத்தின் காலடியில், தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் அவளை ரசிகை என்று நினைத்து மரியாதையாக விலகி நின்றார்கள்.

காப்பாளரும் பிள்ளை குட்டிக்காரர்தான். மனம் இளகி, தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே உதவியைச் செய்தார். அந்தத் தாளைப் பற்றிய பதிவேட்டுக் குறிப்பை உண்மை நகலாக எழுதி, மூன்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. அவளுக்கு முன்னால் நின்றவர் அசல் சான்றிதழை நீட்டினார். "ஒரு முத்திரைதான் இருக்கு. போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மகள் காப்பாளர் கொடுத்த குறிப்பை எடுத்தாள். நீட்டினாள்.

பதிவெழுதும் அம்மா முத்திரைகளை எண்ணினார். மூன்று. முகம் மலர்ந்தது. எழுத ஆரம்பித்தார்.

"பேரு, தலைப்பிடப்படாதது. உயரம், இருபத்தொரு சென்டிமீட்டர். கொஞ்சம் குட்டைதான், போகப் போக வளர்ந்துடும். அங்க அடையாளம், இடது மூலையில தேநீர்க் கறை. உடல்நிலை, லேசா மடிஞ்சிருக்கு, கவனத்துடன் கையாளவும். எல்லாம் சரிதானே?"

"அய்யோ, மேடம், பேரு…" என்று கூட வந்திருந்த கணவன் வாயைத் திறந்தான்.

"என்னங்க, திறந்த வாய மூடுங்க" என்று மகள் பல்லைக் கடித்தாள். "அந்த வாயாலதான் இவ்வளவும்." பதிவெழுதும் அம்மாவிடம் திரும்பி, "எல்லாம் சரிதாங்க" என்று கையெழுத்துப் போட்டாள். கடைசி வரியை மட்டும் அவள் மனசாரவே ஒப்புக்கொண்டாள்.

பள்ளி திறக்க இருபது நாள் இருந்தது. இருபது நாளும் சோறு ஊட்டும்போதும் தலை வாரும்போதும் பாடம் நடந்தது. "சிட்டுன்னு யாராவது கூப்பிட்டா திரும்பக் கூடாது, என்ன?" குழந்தை மூன்று நாள் அழுதது. பிறகு பழகிவிட்டது.

முதல் நாள் வகுப்பு வாசலில் ஆசிரியை குனிந்து கேட்டார். "செல்லத்துக்குப் பேரு என்ன?"

"தலைப்பிடப்படாதது." ஓர் எழுத்து பிசகவில்லை.

மகள் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆசிரியை நிமிர்ந்து அவளை உற்றுப் பார்த்தார்.

"புதுசா இருக்கே! யார் வெச்சது?"

"அவ தாத்தாங்க. பெரிய எழுத்தாளர்."

ஆசிரியை கைப்பையைத் திறந்து அவசரமாகப் பேனாவைத் தேடினார்.

"எழுத்து எழுத்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன். என் தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிரசவம். இந்தப் பேரு வேற யாருக்கும் கிடைக்கிறதுக்குள்ள வெச்சிடணும்."