திருப்தியடைந்த பயனாளி

காகம் இல்லாத ஊர்கூட எங்காவது இருக்கலாம். படத்துக்கு நிற்பவர் இல்லாத ஊர் இருக்கவே முடியாது. உங்களுக்கும் அவரைத் தெரியும். கல்யாண வீட்டில் கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் அவர் கழுத்தும் திரும்பும். பரிசளிப்பு விழாவில் கொடுப்பவருடையதும் இல்லாமல் வாங்குபவருடையதும் இல்லாமல் மூன்றாவது கை ஒன்று கோப்பையைத் தாங்கிக்கொண்டிருக்குமே, அது அவருடைய கை. பெரிய மனிதர் யாராவது காலமாகி ஊரே தலை குனிந்து நிற்கிற படத்தில் ஒரே ஒரு தலை மட்டும் நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும், அதுவும் அவர்தான். பசி, தூக்கம், கோபம், துக்கம் எல்லாம் அவருக்கும் உண்டு. ஆனால் "எல்லாரும் இங்க பாருங்க" என்று ஒரு குரல் கேட்டுவிட்டால் அத்தனையும் போன இடம் தெரியாது.

சாதாரணமாக இந்த இனத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. கூட்டத்தில் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசாமி நகரசபை அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தால்? அங்கேதான் வந்தது வினை. எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படித்தான் வைத்திருக்கிறார்.

நகரசபை வருஷா வருஷம் ஓர் ஆண்டறிக்கை போடும். பார்த்திருப்பீர்கள். படித்திருக்க மாட்டீர்கள். வழவழவென்று தாள், முதல் பக்கத்தில் தலைவரின் வாழ்த்து, இரண்டாம் பக்கத்தில் தலைவருக்குத் துணைத்தலைவரின் வாழ்த்து, அதற்கப்புறம் போட்ட சாலை, நட்ட மரம், அள்ளிய குப்பை, ஏற்றிய விளக்கு, கடைசியில் வரவு செலவைக் காட்ட ஒரு வட்டப் படம், பிறந்தநாள் கேக்கை வெட்டி வைத்ததுபோலக் கலர் கலராக இருக்கும். எந்தத் துண்டு யாருக்குப் போனது என்பது மட்டும் எறும்புக்கும் கண்ணாடி தேவைப்படுகிற பொடி எழுத்தில் இருக்கும். போகட்டும். சாலையைப் படம் எடுத்துவிடலாம், மரத்தைப் படம் எடுத்துவிடலாம். "மக்கள் மகிழ்ச்சி அடைந்தனர்" என்று ஒரு வரி வருகிறதே, அதற்கு எதைப் படம் எடுப்பது? மகிழ்ச்சி அடைந்த ஒரு ஆளாவது வேண்டாமா? மக்கள் தொடர்பு அதிகாரி தலையைச் சொறிந்துகொண்டே ஜன்னல் வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்தார். அங்கே ஜெராக்ஸ் கடைக்காரர் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நூலகப் பக்கத்தைத் திருப்பினால், சிறுவர் பிரிவில் யானைக் கதை படித்து உருகுகிற வாசகர், அவர்தான். சுகாதாரப் பக்கத்தில் ஊசி போட்டுக்கொள்பவர் அவர்தான். ஊசி இறங்குகிற நேரத்தில் பல் தெரியச் சிரித்த மனிதரை மருத்துவ உலகம் அதற்கு முன் கண்டதில்லை. முதியோர் நலன் என்றால் கைத்தடியோடு அவர். பக்கத்தைப் புரட்டினால் இளைஞர் நலன், தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரே. வீட்டு வரி வசூல் பக்கத்தில், வரி கட்டிய ரசீதை நெஞ்சோடு அணைத்துக் கண்கலங்கி நிற்கிறார். வரி கட்டிவிட்டு அப்படி நின்ற மனிதனை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே வாசகம்: "திருப்தியடைந்த பயனாளி." நாளாவட்டத்தில் ஊரே அவரைத் திருப்தியார் என்று கூப்பிட ஆரம்பித்தது. அவருக்கும் அதில் பரம திருப்தி.

இப்போது தண்ணீர் விவகாரத்துக்கு வருகிறேன். போன வருஷம் எங்கள் தெருவுக்குக் குழாய் போட்டார்கள். தெருவைத் தோண்டினார்கள், குழாயைப் புதைத்தார்கள், வீட்டு வாசலுக்கு வாசல் பளபளவென்று ஒரு குழாயை நட்டார்கள். தெரு முனையில் ஓடுகிற பெரிய குழாயோடு இதைக் கொண்டுபோய் இணைக்கிற வேலை மட்டும் பாக்கி. அதற்குள் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகிற நேரம் வந்துவிட்டது. அதிகாரி என்ன செய்வார் பாவம்! திருப்தியாரை அவர் வீட்டுக் குழாயடியில் நிறுத்தி, கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தார். தண்ணீர் நகரசபை அலுவலகத்து ஃபில்டரிலிருந்து வந்தது. திருப்தியார் குடித்தார், சிரித்தார், திருப்தியடைந்தார். முழுப்பக்கப் படம். மேலே பெரிய எழுத்தில், "வீடுதோறும் குடிநீர்: பணி நிறைவு."

அதோடு ஆட்டம் முடிந்தது. குழாய் வாசலில் நிற்க, நாங்கள் முனையில் தண்ணி லாரிக்கு நின்றோம். லாரி தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்குப் போகும். ராத்திரி டூட்டி முடித்து வருகிற மாடி வீட்டு நர்ஸ், தூங்காமல் கொள்ளாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். பார்க்க வயிறு எரியும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நாங்கள் சிலர் நகரசபைக்குப் படையெடுத்தோம். அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார், அறிக்கையைப் பிரித்தார், படத்தைக் காட்டினார்.

"தண்ணி வரலைங்கறீங்க. இதோ குடிக்கறாரே?"

"அது உங்க ஆபீஸ் தண்ணி சார்" என்றேன் நான்.

"எந்தத் தண்ணியா இருந்தா என்னங்க? முகத்தப் பாருங்க. குறை இருக்கற முகமா அது?"

"இணைப்பே இன்னும் குடுக்கலையே சார்!"

"எப்படிங்க குடுக்கறது? வேலை முடிஞ்சாச்சுன்னு அச்சுல வந்துடுச்சு. முடிஞ்ச வேலைய மறுபடியும் செஞ்சா ஆடிட்ல என் தோல உரிச்சிடுவாங்க. செய்யாத வேலைன்னு இருந்தா சொல்லுங்க, நாளைக்கே செஞ்சு குடுக்கறேன்."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? நாங்கள் "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

திருப்தியாரின் மனைவியைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். யார் வீட்டில் தண்ணீர் இல்லை என்றாலும் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவருக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"என்னங்க, ஊருக்கெல்லாம் தண்ணி குடிச்சுக் காட்டினீங்களே, இப்ப நம்ம வீட்ல குடிக்க என்ன இருக்கு?"

"அத விடு. டம்ளர் பிடிச்சிருக்கற ஸ்டைலப் பாத்தியா?" என்றார் திருப்தியார்.

அன்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குப் பதிலாக ஆண்டறிக்கையை விரித்து வைத்துவிட்டு அக்கா போய்விட்டார். திருப்தியார் விக்கிக்கொண்டே அதைப் பார்த்து ரசித்தாராம்.

இப்படியாக அடுத்த அறிக்கைக்கு நாள் நெருங்கியது. இந்தத் தடவை தலைவருக்கு அட்டைப் படமாக ஒரு பெண் வேண்டுமாம், நுரைத்து விழும் தண்ணீரும் வாளியுமாக. இந்த ஒரு வேடத்துக்கு மட்டும் திருப்தியார் ஒத்துவரவில்லை. மீசையை எடுத்துவிடுகிறேன் என்றுகூட அவர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அதிகாரி அக்காவிடம் வந்து நின்றார்.

"நிக்கறேன்" என்றார் அக்கா. "ஆனா எங்க வாசல் குழாய்லதான் எடுக்கணும். நிஜத் தண்ணி வரணும். தண்ணி வராம எனக்குச் சிரிப்பு வராது."

ஒரு படத்துக்கு வேண்டிய தண்ணீர்தானே! பக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு தண்ணி லாரியை ஒளித்து நிறுத்தி, அதன் ரப்பர் குழாயை வாசல் குழாயின் அடியில் செருகிவிடலாம் என்று அதிகாரி கணக்குப் போட்டார். படம் முடிந்ததும் மிச்சத் தண்ணீர் தலைவர் வீட்டுத் தோட்டத்துக்கு.

லாரி சங்கதி எப்படியோ காதுக்கு எட்டியதும், படம் எடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா தெருவைக் கூட்டினார்.

"கவனமாக் கேளுங்க. படம் நல்லா வர்ற வரைக்கும்தான் தண்ணி. அதனால படம் நல்லா வரவே கூடாது. நான் கண்ண மூடிப்பேன். ஒவ்வொரு தடவையும் காலி வாளிதான் வைக்கணும்னு அடம் பிடிப்பேன். நீங்க வரிசையா நின்னு ஒண்ணொண்ணா நீட்டிக்கிட்டே இருங்க. மூஞ்சிய உர்ருனு வச்சுக்குங்க. யாராவது சிரிச்சீங்களோ, தொலைச்சிடுவேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க வெளியவே வரக் கூடாது."

திருப்தியாரை உள்ளே வைத்துப் பூட்டுவதென்று தீர்மானம் நிறைவேறியது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று அவரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஏற்கப்பட்டது.

மறுநாள் காலை அதிகாரி விசில் ஊதினார். சுவருக்குப் பின்னால் லாரிக்காரர் திறந்துவிட்டார். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, மறுபடி இருமியது. அப்புறம் தண்ணீர் வந்தது. எங்கள் தெருக் குழாயில், தண்ணீர்! நர்ஸ் அழுதேவிட்டாள். நானும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

"சிரிங்க அக்கா" என்றார் போட்டோகிராபர். க்ளிக். "ஐயோ, கண்ண மூடிட்டீங்களே!"

"வெயில் கூசுது தம்பி. இன்னொண்ணு எடுங்க. அட, வாளி ரொம்பிடுச்சே! காலி வாளி கொண்டாங்கப்பா!"

நர்ஸின் வாளி போனது. க்ளிக். தும்மல். எதிர் வீட்டுத் தையல்காரரின் அண்டா போனது. க்ளிக். கொட்டாவி. ஒரு படத்தில் அக்கா காது குடைந்தார். ஒன்றில் கழன்ற செருப்பைக் குனிந்து தேடினார். ஒன்றில் யாரோ கூப்பிட்டதாகத் திரும்பிக் கொண்டையை மட்டும் காட்டினார். வாளிக்குப் பின்னால் வாளி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி, சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கிற பேசின் என்று வரிசை ஜாம் ஜாமென்று நகர்ந்தது. இதெல்லாம் நடக்கையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜீவன் துடித்ததே, அதைச் சொல்ல வேண்டும்.

"தாடைய மேல தூக்கு! தோள எறக்கு! ஐயோ, கண்கொண்டு பாக்க முடியலையே! கதவத் திறங்கய்யா, ஒரே ஷாட்ல முடிச்சுத் தரேன்!"

பாதித் தெருவுக்குமேல் நிரம்பிவிட்டது. தலைவர் வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது, தோட்டத்துக்கு லாரி எங்கே என்று. அதிகாரி கைக்குட்டையைப் பிழிந்தார். கடைசியில் அவர் பொறுமை அறுந்தது.

"போதுண்டா சாமி! இன்னும் ஒரே ஒரு படம். இதுவும் சரியா வரலைன்னா லாரி சகவாசமே வேண்டாம். ஆடிட் வந்தா வரட்டும், பேசாம மெயின் குழாயோட இணைச்சு விட்டுட்டு, நாளைக்கு நிதானமா எடுத்துக்கலாம்!"

கேட்டீர்களா? இணைச்சு விட்டுட்டு! எங்கள் காதையே எங்களால் நம்ப முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு கண்மூடல், எங்கள் தெருவுக்கு ஆயுசுக்கும் தண்ணீர். அக்கா எங்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். அப்படி மூடியிருந்தார், திருடன் வந்தாலும் திறக்க முடியாது.

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நினைக்காதீங்க. நான் எத்தனையோ பேர எடுத்திருக்கேன். இந்த மாதிரி ஒரு முகம் அமையறது கஷ்டம். அட்டை முழுக்க நீங்க மட்டும்தான். தலைவர்கூட உள்பக்கம்தான்."

அக்கா ஒரு கண்ணைத் திறந்தார்.

"நிஜமாவா சொல்றீங்க தம்பி?"

"சத்தியமா."

மற்றக் கண்ணும் திறந்தது. கை தானாகப் போய் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியது. "இந்தப் பக்கமாத் திரும்பினா நல்லாருக்குமா?" என்று அக்கா கேட்டார். அப்புறம் சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, இத்தனை வருஷத்தில் நாங்கள் அவரிடம் அதைப் பார்த்ததே இல்லை.

க்ளிக்.

"பிரமாதம்!" என்றார் போட்டோகிராபர். அதிகாரி விசில் ஊதினார். தண்ணீர் நின்றது. ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டு லாரி தலைவர் தோட்டத்துக்குக் கிளம்பியது. அடுத்தது என் வாளி. அது காலியாகவே வீடு திரும்பியது. ஜன்னலுக்குள்ளே திருப்தியார் மட்டும் கண்ணீர் வழியக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தெரு கொதித்தது. அக்காவோடு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அறிக்கை வரட்டும், அத்தனையையும் நகரசபை வாசலில் குவித்துக் கொளுத்திவிட்டுத்தான் மறுவேலை என்று தையல்காரர் சபதம் போட்டார். தீப்பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டார். அறிக்கையும் வந்தது. அன்று காலையில் நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் தெருவில் கூடி, நகரசபை அனுப்பியிருந்த அறிக்கைக் கட்டைப் பிரித்தோம்.

அட்டையில் அக்கா ஜொலித்தார். மேலே, "பொங்கும் குடிநீர், பொங்கும் உள்ளம்." அக்காவுக்குப் பின்னால் கையில் பாத்திரங்களோடு எங்கள் தெரு முழுக்க நின்றது. தையல்காரர் தீப்பெட்டியை எடுத்தார். கொளுத்துவதற்கு முன்னால் சும்மா ஒரு தடவை பார்த்தார்.

"ஏங்க, இது நான்தானே? அண்டா பாதி மூஞ்சிய மறைக்குதே!"

"நான் எங்க? நான் எங்க?" என்று நர்ஸ் எட்டிப் பிடுங்கினாள். "ஐ, தெளிவா வந்திருக்கேன்!"

"கொஞ்சம் கொளுத்தாம இருங்க, எங்க அண்ணனுக்கு ஒண்ணு அனுப்பணும்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

எனக்கு வந்திருந்தது ஒரு காது மட்டும்தான். ஆனால் நல்ல வெளிச்சத்தில் வந்திருந்தது. அன்று சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரதி எடுக்க எங்கள் தெருதான் வரிசையில் நின்றது. திருப்தியார் ஒவ்வொருவரையும் அணைத்துக்கொண்டார், தொலைந்துபோன சொந்தக்காரர்கள் வீடு திரும்பியதுபோல. அக்காவோடு எல்லோரும் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டோம். கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக்கூட இரண்டு பேர் கேட்டார்கள். குழாயைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். போகிற போக்கில் ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். அலுவலகத்திலோ கல்யாணத்திலோ பத்துப் பேராக நின்று எடுத்த படம் உங்கள் கைக்கு வரும்போது, முதலில் யாரைத் தேடுகிறீர்கள்? மற்ற ஒன்பது பேரும் கண்ணை மூடியிருந்து நீங்கள் மட்டும் லட்சணமாக வந்திருந்தால், "படம் அருமையா வந்திருக்கு" என்றுதானே சொல்கிறீர்கள்? அப்படியானால் ஜாக்கிரதை. உங்கள் தெருவுக்கும் ஒரு நாள் அந்த விசில் வரும். தண்ணீர் வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். நீங்கள் செய்துவிடுவீர்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அது கிடக்கட்டும், இவ்வளவு லட்சணமான முகத்தை நகரசபைக்காரர்கள் இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் விட்டார்கள்?