ஸ்வேடு விரித்த பில்லியர்ட்ஸ் டேபிள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. ஆம்பூரில் சைக்கிளில் தோல் சுமந்தவன் நான். பாங்கில் உட்காரக்கூடச் சொல்லாத காலத்தில் வெல்வெட் மாதிரி மெத்தென்ற ஸ்வேடு தோலுக்கு ஒரு தொழிற்சாலை கட்டினேன், வீடு கட்டினேன், மகள் சுதாவை எம்.பி.ஏ. படிக்க வைத்தேன். இத்தனையும் செய்தவனுக்கு ஒரு பில்லியர்ட்ஸ் டேபிள் எம்மாத்திரம் என்று நினைத்தேன். (நினைப்புதான் தப்பு. டேபிள் நல்ல டேபிள்.)

எங்களிடம் தோல் வாங்கும் இத்தாலிக்காரர் மார்க்கோ, சரக்கு பார்த்து முடித்ததும் பில்லியர்ட்ஸ் ஆட வாணியம்பாடியில் இன்னொரு முதலாளியின் கெஸ்ட் ஹவுசுக்குப் போய்விடுவார். ஆட்டம் போன வழியில் ஆர்டரும் போய்விடுமே என்று எனக்குப் பயம். பழைய டேபிள் ஒன்றை வாங்கிப் போட்டேன். காட்பாடியில் காலேஜ் பிள்ளைகள் ஆடும் கடைக்குப் போய், ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் டேபிளையும் தடவினேன். இரண்டிலும் ஒரே மெல்லிசுத் துணி.

"இன்னா பாய் இது, கொசுவலையா?" என்றேன், எங்கள் சூப்பர்வைசர் பஷீர் பாயிடம். துணியைக் கிழித்துவிட்டு எங்கள் பச்சை ஸ்வேடை இழுத்து ஒட்டினேன்.

பந்தை உருட்டினோம். போகும்போது கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. திரும்பி வரும்போது பாதியில் நின்றது. காட்பாடியில் போகவும் வரவும் ஒரே ஓட்டம்தானே ஓடியது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அந்தப் பக்கம் ஜாஸ்தி ஓடுது, இந்தப் பக்கம் கம்மி. தரை சாஞ்சிருக்கு முதலாளி" என்றார் பஷீர் பாய்.

டேபிள் காலுக்கடியில் ஷூ சோல் வைத்தோம். ஒன்று, மூன்று, ஐந்து. கடைசியில் யாரும் தொடாமலே பந்து பக்கவாட்டில் நடந்து குழிக்குள் இறங்கியது.

மார்க்கோ வந்தார். காலையில் தோலை வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டவில்லை என்று திருப்திப்பட்டார். ஓர் ஆட்டம் முடிந்ததும் கையெழுத்து என்றார். வெள்ளைச் சட்டையோடு டேபிள்மேல் கவிழ்ந்து அடித்தார். பந்து நின்றது, யோசித்தது, குழிக்குள் போனது. அவர் குச்சியைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். பிறகு அவர் உள்ளங்கையால் டேபிளைத் தடவினார். ஒரு பக்கம் தடவினால் இளம்பச்சை, எதிர்ப்பக்கம் தடவினால் கரும்பச்சை.

மொழிபெயர்க்க வந்திருந்த சுதா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, ஸ்வேடுல முடியெல்லாம் ஒரே பக்கம் படுத்திருக்கு. நாப்பது வருஷமா தெனம் தடவிப் பாக்கற, உனக்குத் தெரில?"

"ஷூ மேல யாரும்மா பந்து உருட்டறாங்க?"

அவள் மார்க்கோவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பூர் வெயிலில் நனைந்த வெள்ளைச் சட்டையில், குறுக்கே ஒரு பச்சைப் பட்டை. உலர்ந்த துணிக்கு ஒட்டாத சாயம் வியர்வைக்கு ஒட்டியிருந்தது.

ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். மார்க்கோ சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். சுதா மொழிபெயர்த்தாள்: "அந்தப் பச்சை ஷூவா போயிருந்தா, அவரு ஊர்ல எல்லாரு காலும் பச்சையாயிருக்குமாம். சாயத்தைச் சரி பண்ணி, இதே டேபிள்ல காட்டணுமாம். அப்பதான் கையெழுத்து."

காட்டினோம். கையெழுத்தும் ஆனது.

இன்றும் எங்கள் ஸ்வேடு எதுவானாலும், அந்த டேபிளில் விரித்து ஈரத் துணி சுற்றிய பந்தை உருட்டிப் பார்த்துத்தான் வெளியே போகிறது. வாங்க வருகிறவர்களிடம் சுதா அதை 'டேபிள் டெஸ்ட்' என்று பெருமையாகக் காட்டுகிறாள். நான் ஒரு கத்தரிக்காய் வாங்கினால்கூட, "ரெண்டு பக்கமும் தடவிப் பாத்தியாப்பா?" என்கிறாள்.

அந்த டெஸ்டைக் கண்டுபிடித்தது மார்க்கோவின் வயிறு என்று வீட்டில் பேச்சு. அந்த வயிற்றுக்கு டேபிள் போட்டது யார்? அந்த டேபிள்மேல் என் பெயரைப் பித்தளையில் பொறிக்க வேண்டும். பெரிய எழுத்தில், இந்த வாரமே. (தரையும் கொஞ்சம் சாய்வுதான். அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.)