கைப்பிடி இல்லாத கட்டடங்களும் ஒரு சம்பந்தமும்

சென்ட் லோரன்ட், மொன்றியால்
14 ஒக்டோபர் 2025, செவ்வாய்

என்றும் என் மதிப்புக்குரிய சூசைப்பிள்ளை அத்தானுக்கு,

மைத்துனன் செபஸ்தியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், மாக்கிரட், மகள் ஜொய்சி மூவரும் நலம். என் நெற்றி வீக்கம் மட்டும் இன்னும் வற்றவில்லை. அதன் வரலாறு கீழே வரும். மன்னாரில் நீங்களும் கத்தரின் அக்காவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீடு சிறியது. நான் குளியலறைக்குள் நின்று கதைத்தாலும் மாக்கிரட் குசினியிலிருந்து பதில் சொல்லுவாள். ஆகவே கடிதம்.

விடயம் இதுதான். ஜொய்சி தானே கண்டுபிடித்து, தாய்க்கும் பிடித்துப்போய், என் சம்மதம் ஒன்றுக்காகக் காத்திருக்கும் ரதீசன் என்ற பையனைப் பற்றி மட்டக்களப்பில் அவனுடைய பெரியப்பா இரவிச்சந்திரனிடம் விசாரிக்கும்படி உங்களைக் கேட்டிருந்தேன். நீங்களும் சிரமம் பாராமல் பஸ் ஏறிப்போய் விசாரித்து, நல்ல குடும்பம் என்று அறிவித்தீர்கள். மிக்க நன்றி. இப்போது அதே பெரியப்பாவிடம், இந்தச் சம்பந்தம் சரிவராது என்று தன்மையாகச் சொல்லிவிடவேண்டும். காரணத்தைச் சொல்கிறேன், கோபிக்காமல் வாசியுங்கள்.

பையன் கட்டடங்களுக்குப் படம் கீறும் ஆர்க்கிடெக்ட். போன வாரம் போன் எடுத்து, "அங்கிள், ஞாயிறு பூசை முடிய ரெண்டு வைன் தோட்டம் பாக்கப் போவமா? கட்டடங்கள் நல்ல வடிவு" என்றான். கட்டடம் பார்ப்பதற்கு வைன் தோட்டத்துக்கு ஏன் போகவேண்டும் என்று எனக்குச் சந்தேகம். "போயிட்டு வாங்கோவன், ஆளை அறியலாம்" என்றாள் மாக்கிரட். அதுவும் சரிதான், பையன் குடிக்கிறவனா, குடித்தால் எத்தனை கிளாஸ், குடித்தபின் எப்படிக் கதைக்கிறான் என்று நேரில் பார்த்துவிடலாம் என்று கோட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாலம் தாண்டி, புரோசார்ட் தாண்டி, ஒரு மணித்தியாலம் ஓடி, ஒரு வெறும் புல் மேட்டிலே கொண்டுபோய்க் காரை நிறுத்தினான். சுற்றிவர திராட்சைக் கொடி, மேலே காட்டு வாத்துகள். வேறொன்றும் இல்லை. "எங்கை தம்பி கட்டடம்?" என்றேன். "நீங்கள் அதுக்கு மேலைதான் நிக்கிறியள், அங்கிள்" என்றான். கீழே பார்த்தால் என் சப்பாத்துக்கு அடியில் புல் வளர்த்த கூரை! பழத்தை மேலே கொட்டினால் சாறு பம்பு இல்லாமல் தானாகவே கீழே இறங்குமாம், மண்ணுக்குள் இருந்தால் கோடையிலும் குளிருமாம். நல்ல யோசனைதான். ஆனால் அத்தான், ஒரு வீட்டுக்கு வந்தவன் அந்த வீட்டின் தலையிலே ஏறி நின்று வீடு எங்கே என்று கேட்பது மரியாதையா?

இரண்டாவது இடம் முழுக்கக் கண்ணாடி. தோட்டம் உள்ளே தெரிகிறது, உள்ளே இருப்பது தோட்டத்தில் தெரிகிறது. நான் தோட்டத்தை நோக்கி நிமிர்ந்து நடந்தேன், நெற்றி கண்ணாடியைக் கண்டுபிடித்தது. குருவிகள் வந்து மோதாமலிருக்க மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், மனிதனின் உயரத்தில் ஒன்றுமில்லை. கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கவிட்ட ஒரு மடாம் ஓடிவந்து ஐஸ் வைத்துவிட்டு, இருத்தி வைத்து, ஐந்து வகை வைனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இதுதான் தருணம் என்று நான் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கிளாஸைச் சுழற்றினான், மணந்து பார்த்தான், ஒரு மிடறு வாயில் வைத்தான், பக்கத்தில் இருந்த வாளிக்குள் துப்பினான்! நான் பதறிப்போய், "என்ன தம்பி, பழுதாப் போச்சுதோ?" என்றேன். "இல்லை அங்கிள், நான் கார் ஓடவேணும். இஞ்சை எல்லாரும் துப்புறவைதான்." ஊற்றிக் கொடுத்தவளின் கண்ணுக்கு முன்னால் துப்ப எனக்கு மனம் வரவில்லை. என்னுடையதைக் குடித்து முடித்தேன். அவன் மிச்சம் விட்டது அவளுக்கு அவமானமாகப் படுமே என்று அதையும் குடித்தேன். ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று "மெர்சி மடாம்" சொன்னேன். சோதிக்கப்பட்டவன் நேராக இருந்தான், சோதிக்கப் போனவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு எனக்கு அவசரமாக ஒதுங்கவேண்டி வந்தது. மடாம் கை காட்டிய பக்கம் போனால், தரையிலிருந்து கூரைவரை ஒரே கறுப்புச் சுவர். நான் இந்த ஊரில் இருபத்தாறு வருடம் கதவுக் கைப்பிடி செய்யும் தொழிற்சாலையில் நின்றவன் என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் ஒரு கைப்பிடிகூட இல்லாத சுவருக்கு முன்னால் நிறுத்தினால் எப்படி இருக்கும்? தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சுவர் உள்ளே போனது, நானும் போனேன், பின்னால் அது சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. படி இறங்கினால் நிலவறை. இரண்டு பக்கமும் மரப்பீப்பாய்கள் வரிசையாக, நடுவே பாதை, கோடியில் கூரையில் ஒரு ஒடுங்கிய வெட்டு, அதனூடே வெளிச்சம் நேராக வந்து தரையில் விழுகிறது. ஒரு சத்தமில்லை. வைன் காரணமோ, வெளிச்சம் காரணமோ, எனக்கு இன்றும் தெரியாது அத்தான். முழந்தாளிட்டேன். வந்த அவசரமும் மறந்துபோனது. ஜொய்சிக்காகச் செபமாலையில் பத்து மணிகள் உருட்டிச் செபம் சொன்னேன். இடையில் வெள்ளைக்காரர் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு வழிகாட்டிப் பெண் வந்தாள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு கிழவி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

முடித்துத் திரும்பினால் ரதீசன் எனக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறான். எப்போது வந்தானோ. "தம்பி, இந்தக் கோயிலை ஆர் கீறினது?" என்று கேட்டேன்.

அவனுடைய காது சிவந்துவிட்டது. "அந்த வெளிச்சம் வாற வெட்டு மட்டும் நான் கீறினது, அங்கிள். மிச்சமெல்லாம் எங்கடை ஒஃபிஸ் ஆக்கள். அதைக் காட்டத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"அப்ப ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னா, எனக்காக நல்லாயிருக்கெண்டு சொல்லுவியள்."

வீட்டுக்கு வந்து இரண்டு நாளாக யோசித்தேன். வீட்டை மண்ணுக்குள் ஒளிக்கிறார்கள், கதவைச் சுவருக்குள் ஒளிக்கிறார்கள், இவன் தன் கைவேலையையே தன் வாய்க்குள் ஒளிக்கிறான். நாளைக்கு ஒரு வருத்தம், ஒரு கவலை வந்தால் சொல்லுவானா? இப்படிப்பட்டவனின் மனதை என் பிள்ளை எந்த இடத்தில் பிடித்துத் திறப்பாள்? இதுதான் என் காரணம். வேறு குறை ஒன்றுமில்லை. பெரியப்பாவின் மனம் நோகாமல் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. மடு அன்னை உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக.

இங்ஙனம்,
உங்கள் மைத்துனன்
செபஸ்தியாம்பிள்ளை

பி.கு. வியாழக்கிழமை. கடித உறை சுருங்கியிருப்பதற்குக் காரணம், ஒட்டியதைத் தண்ணீர் கொதிக்கும் கேத்தில் ஆவியில் பிடித்துத் திரும்பத் திறந்தேன். நேற்று இதைத் தபாலில் போட மெட்றோவுக்குப் போனேன். இத்தனை வருடம் ஏறி இறங்கிய நிலையம்தான். ஆனால் சனம் ஒன்றையொன்று இடிக்காமல் படி எப்படித் திரும்பி இறங்குகிறது என்று நேற்றுத்தான் கண்டேன். இதை யார் கீறினது என்று அங்கே நின்ற காவலாளியிடம் என் பிரெஞ்சில் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? ரதீசனுக்குப் போன் எடுத்தேன். அவன் சொல்லத் தொடங்கினான் அத்தான், நிறுத்தவேயில்லை. ஆறு ரயில் போய்விட்டது. எனக்குப் பாதி விளங்கவில்லை, போனை வைக்கவும் மனம் வரவில்லை. கடைசியில், "சரி மருமோன், பேந்து கதைப்பம்" என்று சொல்லிவிட்டேன். அது தானாக வாயில் வந்துவிட்டது. அதுவரை அங்கிள் என்றவன், "ஓம் மாமா" என்றான்.

சொன்னதை இனி எப்படித் திரும்ப எடுப்பது? ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். பெரியப்பாவிடம் சம்மதம் என்று சொல்லுங்கள். ஆனால் நான் ஆறுதலாக, நன்றாக யோசித்துத்தான் சொன்னதாகச் சொல்லுங்கள்.