பூட்டிய அறையும் பொங்கியண்ணன் மகளும்

அச்சம் விலைமதிப்பற்றது. திருப்பூர் வாடகை நாவல் கடையில் அதற்கு நாளொன்றுக்குப் பத்துப் பைசா. அட்டை கிழியாமல் திருப்பித் தர வேண்டும்.

பனி மூடிய பங்களா, மர்மமாய்ச் செத்த மூத்த மனைவி, பூட்டிய அறை, காதலிக்கிறானா கொல்லப்போகிறானா என்று கடைசிவரை பிடிகொடுக்காத மீசைக்காரன். இந்த உயர்ந்த இலக்கியத்துக்குக் கல்யாணத் தரகனாகிய நான் கடமைப்பட்டவன். முன்பெல்லாம் இரண்டாந்தாரம் என்றால் பெண்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். இப்போது, "மூத்தவள் போய்ச் சேர்ந்துட்டாளுங்க" என்றதுமே கண்ணில் வெளிச்சம் வருகிறது.

பொங்கியண்ணனின் மகள் மயிலாளுக்கும் அப்படித்தான் வந்தது. நூல் கிடைக்காமல் அப்பாவின் பனியன் கம்பெனி நின்று கிடந்தது. மகள் வாடகை நாவல்களைப் படித்துத் தீர்த்தாள். நான் கொண்டுபோன மாப்பிள்ளை லிங்கசாமி, நூல் வியாபாரி. 'நூல் பஞ்ச நிவாரணக் கமிட்டி'யின் தன்னலமற்ற தலைவர். போன கூட்டத்தில் நூலுக்காக இரண்டு நிமிஷம் மௌன அஞ்சலியே செலுத்தினார். அவர் மருமகனானால், எப்போதாவது வரும் முதல் மூட்டை தனக்குத்தான் என்பது பொங்கியண்ணனின் கணக்கு.

மாப்பிள்ளை ஊடு பார்க்கப் போனோம். பெண் கூட வருவது வழக்கமில்லை. மயிலாள் வந்தாள்.

"ஏனுங்க, மூத்தவங்க எப்படிச் செத்தாங்க?"

"மஞ்சக் காமாலைங்க" என்றார் லிங்கசாமி.

"அப்படித்தானுங்க எல்லாரும் சொல்லுவாங்க" என்று மயிலாள் மனம் நிறைந்து தலையாட்டினாள். "அந்தக் கடைசி ரூம் என்னங்க?"

"பூசை ரூமுங்க."

"சாமிக்கு ரெண்டு பூட்டுங்களா?"

தலைவருக்கு வேர்த்தது. "பொண்ணு ரொம்பப் படிச்சிருக்குங்களோ?" என்றார் என்னிடம்.

"நாலு வருசமா அதேதானுங்க வேலை" என்றேன் பெருமையாக.

அதற்குள் மயிலாள் அந்தக் கதவடியில் குனிந்து கூவினாள்: "அப்பா! வெள்ளையா என்னமோ நீட்டிட்டு இருக்குது பாருங்க. செத்தவங்க சேலை நூலு!"

பொங்கியண்ணன் மெல்ல உட்கார்ந்து, அந்த இழையை விரலிடுக்கில் வைத்து உருட்டினார். இரண்டு தரம் முறுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது சேலை நூல் இல்ல கண்ணு. பனியன் நூலு."

"மாமா, அது வந்துங்க..." என்று இழுத்தார் லிங்கசாமி.

"இன்னும் மாமன் ஆகலீங்க" என்று எழுந்த பொங்கியண்ணன், முற்றத்துக் கடப்பாரையால் இரண்டு பூட்டுக்கும் பூசை செய்தார். உள்ளே தரையிலிருந்து உத்தரம்வரை நூல் மூட்டைகள். கமிட்டி அஞ்சலி செலுத்திய அதே நூல், பூரண ஆரோக்கியத்துடன் விலையேற்றத்துக்காகக் காத்திருந்தது.

மயிலாள் ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். "ஒரு எலும்புகூட இல்லீங்களே!" என்றாள், அழாத குறையாக. சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

அவளுக்கு நான் சொல்லாத கணக்கு இது: பூட்டிய அறை ஒன்று. மூட்டை அறுபது. கொலையாளி ஒருவர், கமிட்டித் தலைவர். பிணக் கணக்குதான் இடித்தது. நூலில்லாமல் நின்ற கம்பெனிகளின் வாசலில், கூலியின்றிக் குந்தியிருந்தவர்களை அந்தப் பத்தியில் வரவு வைத்தேன், கணக்கு நேராகிவிட்டது.