ஹார்க்னஸ் துரையின் கல் நிமிர்ந்த வரலாறு

மனித குலம் இறந்தவர்களுக்குச் செய்த மரியாதைகளில் தலையாயவை மூன்று. எகிப்தில் பிரமிடு, ஆக்ராவில் தாஜ்மகால், இலங்கையில் ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரக் கோயிலின் கல்லறை வளவு. முதல் இரண்டிலும் மாடு மேய்வதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

1955ஆம் ஆண்டு அந்த வித்தியாசமும் நீங்கியது. ஹார்க்னஸ் துரையின் பேரன் பாட்டனாரின் கல்லறையைத் தரிசிக்கச் சீமையிலிருந்து வருவதாகத் தந்தி வந்தது. மறுநாளே 'சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த கல்லறைகள் பாதுகாப்புக் கமிட்டி' பிறந்தது. தலைவர், பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி. செயலாளர், இரண்டாம் கிளாக்கராகிய அடியேன். உறுப்பினர்களைப் பின்னர் நியமிப்பதாகத் தீர்மானித்தோம், இன்னும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம். முதல் நடவடிக்கையாக மாட்டை வெளியேற்றினோம். மாடு தலைவருடையது. ஆகவே அதற்கே இரண்டு கூட்டம் பிடித்தது.

துரையின் கல் லேசுப்பட்டதல்ல. உச்சியில் சிறகு விரித்த தேவதூதன், அவன் காலடியில் மணற்கடிகாரம், ஓரமெல்லாம் பூங்கொடி. தூதனுக்கு மூக்கு மட்டும் மழையில் கரைந்துவிட்டது. 1912 வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கும்போது ஒன்றாகச் செத்த மூவரின் பெயர்களை அதில் ஆங்கிலத்தில் செதுக்கியிருந்தார்கள். மேலே, பெரிய எழுத்தில் துரை: அபர்டீனில் பிறந்தவர். நடுவில், அவர் நாய் ரோஜர்: இந்தத் தோட்டத்தில் பிறந்தது. அடியில், சின்ன எழுத்தில் குதிரைக்காரன் அழகன்: இந்தத் தோட்டத்தில் பிறந்தவன்.

அழகனின் மகள் ராக்காயி மலையில் கொழுந்து பறிப்பவள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துச் சனங்களைப் பிரஜைகளல்ல என்று ஒதுக்கிவிட்டதால், பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தாள். தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கடைசி வரி. கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு நுவரெலியா அரசாங்கக் கந்தோருக்குப் போக முடியாது என்பதால், விசாரணை அதிகாரியே வந்து பார்ப்பதாகப் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆனால் கல் சாய்ந்திருந்தது.

"சரித்திரம் சாயலாமா?" என்று முழங்கினார் தலைவர். கல்லை நிமிர்த்தி, இன்னும் ஆழமாக இறக்கி, சுற்றிலும் சீமெந்துப் பீடம் கட்டுவதென முடிவாயிற்று. மேசன் ஹமீத் பாஸ் அளவு நாடா பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணரை அடி இறக்கணும். நாய் வரைக்கும் மறைஞ்சி போகும்."

தலைவர் பதறினார். "என்ன பாஸ், நாய மறைக்கிறதா! பேரன் வந்து 'எங்க தாத்தா நாய் எங்க'ன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?"

"அப்ப ஒரு அடி. குதிரைக்காரன் மட்டும் உள்ளுக்குப் போவான்."

"அது பரவாயில்ல. அவனக் கேட்டுக்கிட்டு யாரு வரப்போறா?"

"நான் வந்திருக்கேங்க" என்றாள் ராக்காயி. முதுகுக் கூடையோடு பின்னால் நின்றிருந்தாள். "ஐயா, எங்கப்பன் பேர மண்ணுல பொதச்சிறாதீங்க. அதக் காட்டித்தான் எனக்குப் பிரஜாவுரிமை கெடைக்கணும்."

"மண்ணு இல்ல ராக்காயி, சீமெந்து!" என்று தலைவர் கனிவோடு திருத்தினார். "தொர பேரே மழையிலயும் வெயில்லயும் கெடக்கு. ஒங்கப்பன் பேருக்குத்தான் முழுப் பாதுகாப்பு. பாசி புடிக்காது, மாடு ஒரசாது. குடுத்து வச்ச மனுசன்."

"அவ்வளவு நல்லதுன்னா நாயையும் சேத்து உள்ள வச்சிருங்களேன்."

இந்த யோசனை ஒழுங்குக்கு மாறானது என்று தலைவர் தீர்ப்பளித்தார். ஹமீத் பாஸ் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். சீமெந்து குழைந்தது.

பேரன் வரவில்லை. நுவரெலியா ஹோட்டல்வரை வந்தவர், மழையைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே திரும்பிவிட்டார். அட்டை வேறு கடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வந்தவர் விசாரணை அதிகாரி. குடையைப் பிடித்தபடி கல்லை மேலிருந்து கீழாக வாசித்தார். நாயோடு எழுத்து முடிந்தது. "அந்த வரி எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ராக்காயி குந்தியிருந்து பீடத்தைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குள்ளதாங்க இருக்கு. ஒடச்சிப் பாக்கச் சொல்லுங்க."

"ஒடைக்கிறதா! சரித்திரச் சின்னத்தையா!" தலைவருக்கு மூச்சு வாங்கியது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே செயலாளர்? அந்த வரியை நீங்கள் பார்த்ததுண்டா?"

ராக்காயி என் முகத்தைப் பார்த்தாள். தலைவரும் பார்த்தார். செயலாளர் என்பவன் கண்ணால் கண்டதைச் சொல்கிறவனல்ல. கூட்டக் குறிப்பில் உள்ளதைச் சொல்கிறவன். குறிப்பில், பீடத்துக்குள் போனவை 'கீழேயுள்ள இதர எழுத்துகள்' என்று மட்டுமே இருந்தது. நானே எழுதியது. அதை நல்ல சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன்.

"தெரிகிற எழுத்தைத்தான் நான் பதியலாம்" என்றார் அதிகாரி. பதிந்துகொண்டு போனார். ராக்காயியின் மனு தள்ளுபடியாயிற்று.

மாடு திரும்ப வந்துவிட்டது. முதுகு சொறியப் பீடம் அதற்கு வாகான உயரம். கல் இன்றுவரை ஒரு நூல்கூடச் சாயவில்லை. அந்தக் கல்லின்படி, எங்கள் தோட்டத்தில் பிறந்ததற்கு அத்தாட்சி உள்ளவர் ஒருவர்தான். பெயர் ரோஜர். நாய்.